மூன்று விரல் எங்கிருந்து வந்தது?
இருண்ட எதிர்காலக் கதைகளைப் படித்துப் படித்து மனசு மரத்து, ‘எதுவும் மாறாது’ என்று உட்கார்ந்துவிடுவோம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை, அப்படியானால் தாய்லாந்தை என்ன சொல்வது? 2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அங்கே எதிர்த்தவர்கள் கையில் எடுத்தது, கொடுங்கோல் ஆட்சியை மக்கள் எதிர்க்கும் கதையான ‘ஹங்கர் கேம்ஸ்’ படத்தின் மூன்று விரல் வணக்கத்தைத்தான், பழைய செய்திகளையே அரசு மாற்றி எழுதும் கதையான ஆர்வெல்லின் ‘1984’ நாவலைப் பொது இடத்தில் உட்கார்ந்து படிப்பதே போராட்டமாகி அதற்கும் ஆளைப் பிடித்தார்கள். 2021இல் மியான்மரிலும் அதே மூன்று விரல். இத்தனைக்கும் ‘1984’ முடிவில் துளி ஆறுதல் கிடையாது. படித்து முடித்த கையோடு எனக்கும் கொஞ்ச நாள் எதுவும் ஓடவில்லை, சரி, ஆனால் அப்புறம்தான் ஒரு செய்தியைப் பார்த்தால் இதையே போன மாசம் எப்படிச் சொன்னார்கள் என்று தேடிப் பார்க்கும் புத்தி வந்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் பதின்வயதுப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் கொடுக்காதீர்கள் என்கிறார், ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவல் எழுதப்பட்டதே அவர்களுக்காகத்தான் சார்.