ராத்திரி பிள்ளையோடு யார் இருப்பது?

போன வாரம் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் ஒரு கதைச் சுருக்கத்தைப் போட்டிருந்தார். கொலை வழக்குகளைத் துப்புத் துலக்கும் இரண்டு போலீஸ் டிடெக்டிவ்கள். இருவரும் ஆண்கள், சட்டப்படி கல்யாணம் செய்துகொண்ட தம்பதி. வீட்டில் பதினைந்து வயதில் ஒரு பிள்ளை. "எல்லாத்துலயும் இதை வலிஞ்சு திணிக்கிறாங்க. நம்புற மாதிரியா இருக்கு?" என்று கேட்டிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அங்கே நான் எதுவும் எழுதவில்லை. இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

நான் போலீஸ்காரர் மகள். அப்பா எஸ்.ஐ.யாகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். நாங்கள் வளர்ந்ததெல்லாம் போலீஸ் குவார்ட்டர்ஸில்தான். கொலை கேஸ் என்றால் எங்கள் வீட்டில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார், இல்லையென்றால் போன் அடிக்கும். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே போவார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "சாப்பிட வருவீங்களா?" பதில் வராது. பதினோரு மணி வரை சோறு மூடியே இருக்கும். அதற்கப்புறம் அம்மா எழுந்துபோய்ச் சோற்றில் தண்ணீர் ஊற்றுவாள். அந்தச் சத்தம் கேட்டால், அப்பா இன்றைக்கு வரமாட்டார் என்று நானும் தம்பியும் படுத்தபடியே தெரிந்துகொள்வோம்.

மார்ச்சுவரிக்குப் போய் வந்தால் அப்பா முன்வாசல் வழியாக உள்ளே வரமாட்டார். கொல்லைப்பக்கம் அம்மா வெந்நீர் வைத்திருப்பாள். குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். அந்த உடுப்பு தனி வாளியில் ஊறும். என்ன கேஸ், யார் செத்தது என்று அம்மா கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். வீட்டில் அந்த அம்மா இல்லை. இரண்டு பேருமே அப்பா. இரண்டு பேருக்குமே நடுராத்திரியில் போன் அடிக்கும். எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனதே இதனால்தான். உலகத்தில் எழுதப்பட்ட துப்பறியும் கதைகளில் பெரும்பாலானவற்றில் நாயகன் தனி ஆள், இல்லையென்றால் மனைவி பிரிந்துபோனவன், குடிகாரன். குடும்பம் இருந்தால் அது கதவுக்கு வெளியே நிற்கும். நாயகன் மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் கொலைகாரனைத் துரத்துவான். அந்த மூன்று நாளும் அவன் பிள்ளைக்கு யார் சாப்பாடு போட்டார்கள், காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று எழுத்தாளரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. எங்கோ ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள் என்று எல்லோருமே எடுத்துக்கொள்கிறோம். இரண்டு ஆண்கள், இரண்டு பேரும் டிடெக்டிவ், ஒரு பிள்ளை என்று வைத்த உடனே அப்படி எடுத்துக்கொள்ள வழியில்லை. "இன்னைக்கு ராத்திரி யார் வீட்ல?" என்று அவர்கள் வாய்விட்டுப் பேசித்தான் ஆக வேண்டும். சமையல்கட்டில் காலண்டர் தொங்கும். ஒருவருக்கு கோர்ட் டூட்டி, ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், நடுவில் பிள்ளையின் பல் டாக்டர். என் அம்மா முப்பது வருஷம் சத்தமில்லாமல் செய்த வேலை அங்கே மேஜைமேல் வந்து உட்காருகிறது.

நம்பும்படி இருக்கிறதா என்பதுதானே கேள்வி? நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 ஜூன் 28 அதிகாலையில் அந்த ஊர்ப் போலீஸ் ஸ்டோன்வால் என்ற மதுவிடுதிக்குள் நுழைந்து தன்பாலீர்ப்பு கொண்டவர்களை இழுத்துப் போட்டது. அங்கே தொடங்கிய எதிர்ப்பைத்தான் இன்று உலகமெங்கும் பேரணியாக நினைவுகூர்கிறார்கள். அதே போலீஸ் துறையின் சார்ஜண்ட் சார்லஸ் காக்ரேன் 1981 நவம்பரில் நகரசபை முன் போய் நின்றார். தன்பாலீர்ப்பாளர் உரிமைச் சட்டம் பற்றிய விசாரணை அது. அவருக்குச் சற்று முன் பேசிய போலீஸ் சங்கப் பிரதிநிதி, தனக்குத் தெரிந்து துறையில் அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்து வந்த காக்ரேன், நியூயார்க் போலீஸ்காரனாக இருப்பதில் மிகவும் பெருமைப்படுகிறேன், கே-யாக, அதாவது தன்பாலீர்ப்பு கொண்ட ஆணாக இருப்பதிலும் அதே அளவு பெருமைப்படுகிறேன் என்றார். மறுவருஷமே துறைக்குள் இருந்த தன்பாலீர்ப்பாளர்களுக்காக 'கோல்' என்ற அமைப்பு உருவானது. 1995-ல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், ஒரே பாலின இணையரில் ஒருவருடைய குழந்தையை மற்றவரும் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்றது. 2011 ஜூலை 24 முதல் அங்கே திருமணமும் சட்டப்படி நடக்கிறது. அந்த வருஷம் பிறந்த ஒரு பையனுக்கு இன்று மீசை அரும்பியிருக்கும். என் நண்பர் நம்ப முடியாது என்று சொன்ன வீடு அங்கே சாதாரணமாக இருக்கக்கூடிய வீடுதான்.

அதற்காக அந்த வீட்டில் எல்லாம் சுலபம் என்று அர்த்தமில்லை. ஸ்டோன்வாலை நினைவுகூரும் நியூயார்க் பெருமிதப் பேரணியை ('ப்ரைட்') நடத்துகிறவர்கள் 2021-ல், போலீஸ் அமைப்புகள் 2025 வரை பேரணியில் வரவேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். கோல் அமைப்புக்கும் அதே முடிவுதான். போலீஸ் கையால் அடிவாங்கிய கறுப்பின மக்களின், திருநர்களின் பயத்தை மதித்து எடுத்த முடிவு அது. அந்தப் பயம் நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். ஸ்டேஷனில் சில பேர் அப்பாக்களை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், தங்கள் ஆட்கள் என்று நினைத்த இடத்திலோ யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வா என்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கும்? நல்ல எழுத்தாளர் கையில் இந்த ஒரு சாப்பாட்டு மேஜைச் சண்டை போதும், நாலு கொலைக்குச் சமம்.

விசாரணை தெரிந்தவர் வீட்டில் வளர்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா அதட்டவே மாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நானே எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். கொட்டிய பிறகுதான், அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்று புரியும். அப்படி இரண்டு பேர், எதிரே ஒரு பிள்ளை! ஒருவர் அதட்டுவது, இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்துத் தணிவாகப் பேசுவது என்கிற ஸ்டேஷன் வித்தையை அந்தப் பிள்ளை பத்து வயதிலேயே கண்டுபிடித்திருக்கும். கையில் போன் வேறு. ஒரு போன் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று தேடுவது அப்பாக்களின் அன்றாட வேலை. பிள்ளையின் போனை மட்டும் தேடாமல் இருப்பதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்! அந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று ஃபைல் ஃபைலாகப் பார்த்தவர்கள் அவர்கள். அமெரிக்காவில் 2021, 2022 வாக்கில் ஏறத்தாழ பாதிக் கொலைகள் துப்புத் துலங்காமலே போயிருக்கின்றன. அந்தத் துலங்காத பாதியும் அவர்களோடு வீட்டுக்கு வரும்.

எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் பத்தாவது படித்தபோது மாலை டியூஷனுக்கு சைக்கிளில் போவேன். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு முழித்துப் பார்த்தால், வாசலில் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் சைக்கிளின் டைனமோவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுவார், முன்விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார். மறுபடி சுழற்றுவார். "என்னப்பா இந்நேரத்துல?" என்றேன். "லைட்டு மங்கலா இருக்கு. போய்ப் படு" என்றார். இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் பார்த்தேன். பக்கத்து ஊரில் டியூஷன் முடிந்து திரும்பிய, என் வயதுப் பெண். அப்பா அந்தக் கேஸைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதன்பின் என் சைக்கிள் விளக்கு ஒருநாளும் மங்கியதில்லை.

கொலை கேஸும் பிள்ளை வளர்ப்பும் ஒரு வீட்டில் சேர்ந்து இருப்பது எனக்குத் தெரிந்து இப்படித்தான். இதில் அந்த அப்பாக்கள் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதால் மாறுகிறது என்ன? டைனமோவைச் சரிசெய்ய இரண்டு பேர் இருப்பார்கள், அவ்வளவுதான்.

மாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அது சட்டத்தில் இருக்கிறது. நண்பர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இரண்டு உண்மைச் சம்பவங்களைச் சொல்கிறேன்.

லாரல் ஹெஸ்டர் என்ற பெண், நியூஜெர்சி மாநிலம் ஓஷன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இருபது வருஷத்துக்கு மேல் புலனாய்வு வேலை பார்த்து லெஃப்டினன்ட் ஆனவர். நுரையீரல் புற்றுநோய் முற்றியபோது, தன் ஓய்வூதியம் தன் இணையரான ஸ்டேசி ஆண்ட்ரீ என்ற பெண்ணுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். அது கிடைத்தால்தான் ஸ்டேசி அந்த வீட்டுக் கடனைக் கட்டி அங்கேயே இருக்க முடியும். கவுண்டி நிர்வாகம் மறுத்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, தலைமுடி கொட்டிப்போய், சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் போராடினார். கூட வேலை பார்த்த போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். 2006 ஜனவரியில் நிர்வாகம் இறங்கி வந்தது. பிப்ரவரி 18-ம் தேதி அவர் இறந்தார். வயது 49.

இன்னொன்று மிசௌரி மாநிலத்தில். டென்னிஸ் எங்கல்ஹார்ட், நெடுஞ்சாலை ரோந்து போலீஸ். 2009 கிறிஸ்துமஸ் அன்று பணியில் இருந்தபோது, கட்டுப்பாடு இழந்த கார் மோதி இறந்துபோனார். அவரும் கெல்லி க்ளாசிப் என்ற ஆணும் பதினைந்து வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். கெல்லியின் முந்தைய திருமணத்தில் பிறந்த மகனைச் சேர்ந்து வளர்த்தவர்கள். பணியில் இறந்த போலீஸ்காரரின் மனைவிக்கோ கணவனுக்கோ கிடைக்கிற பென்ஷன் கெல்லிக்குக் கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார். 2013 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில், நீங்கள் திருமணம் செய்துகொள்ளவில்லையே என்று கைவிரித்தது. திருமணம் செய்துகொள்ள அந்த மாநில அரசியலமைப்பே அவர்களை அனுமதிக்கவில்லை! 2015 ஜூன் 26-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இந்தத் திருமணங்களை ஏற்றது. டென்னிஸ் இறந்து அப்போது ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது.

போலீஸ் குடும்பத்துக்கு இந்தப் பயம் புதிதில்லை. ராத்திரி போனவர் திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்கிற கணக்கு அம்மா மனதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். குவார்ட்டர்ஸை எத்தனை நாளில் காலி செய்யச் சொல்வார்கள், எனக்கு வேலை கிடைக்குமா, பென்ஷன் எவ்வளவு வரும் என்று ஒவ்வொன்றாக யோசிப்பாள். அந்தக் கணக்குப் போடுவதற்காவது அவளுக்கு ஒரு கல்யாணப் பதிவு இருந்தது. எனவே "கல்யாணம் ஆன தம்பதி" என்று கதையில் வருகிற அந்த மூன்று சொல்லைப் படிக்கும்போது, திணிப்பு என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அப்பாடா, ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் பிள்ளை நடுத்தெருவில் நிற்காது என்றுதான் தோன்றியது.

நம் ஊரைப் பற்றியும் கேட்பீர்கள். 2023 அக்டோபர் 17-ல் நம் உச்ச நீதிமன்றம் இந்தத் திருமணங்களை ஏற்க மறுத்தது. இணையராகச் சேர்ந்து தத்தெடுப்பதும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மறுக்கப்பட்டது. என் அப்பா வேலை பார்த்த தமிழ்நாடு போலீஸின் நடத்தை விதிகளில், தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலான பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022-ல் ஒரு விதி சேர்ந்திருக்கிறது. அதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே அப்படி ஒருவர் காக்கி போட்டு உட்கார்ந்திருக்கலாம், அவருக்கும் ஒரு வீடு வேண்டும் என்கிற பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை.

இப்படிக் கதை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தயவுசெய்து கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் அந்தப் பிள்ளையைக் கடத்த வேண்டாம். கண்ணீருக்காக அப்பாக்களில் ஒருவரைச் சாகடிக்கவும் வேண்டாம். தன்பாலீர்ப்பாளர்கள் கதைகளில் செத்தது போதும். பிள்ளை கணக்கில் ஃபெயில் ஆகட்டும். பொய் சொல்லட்டும், மாட்டட்டும். ஒருவர் கேஸில் மூழ்கி பிறந்தநாளை மறக்கட்டும், மற்றவர் அதற்குச் சண்டை போடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. என்ன சொல்வாரோ என்று கொஞ்சம் தயங்கித்தான் ஆரம்பித்தேன். முழுதும் கேட்டுவிட்டு வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். பிறகு, "ரெண்டு பேரும் கொலை கேஸ்னா, சீன் ஆஃப் க்ரைமுக்கு ரெண்டு பேரையும் கூப்பிட்டா புள்ளையோட யாரு இருப்பா?" என்றார்.

அதுதான்ப்பா கதையே என்றேன்.

பக்கத்தில் இருந்த அம்மா போனை வாங்கினாள். "அந்தப் புள்ள என்ன படிக்குதாம்?"