கண்ணுக்குள் ஒரு பருப்பு

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தோம். கையில் இருந்த சீட்டில் ‘பேக்கோ’ என்று எழுதியிருந்தது. அப்படின்னா என்னடா என்றாள். தேடிப் பார்த்தால் சிரிப்பு வந்துவிட்டது. கிரேக்கத்தில் ‘பாகோஸ்’ என்றால் பருப்பு. கடையில் மைசூர் பருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மசூர்தான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைத்தான் டாக்டர்கள் அந்தப் பெயரால் சொல்கிறார்கள்.

லத்தீனில் இன்னும் நேரடி. ‘லென்ஸ்’ என்பதே அந்தப் பருப்பின் பெயர், தாவரவியலில் இன்றைக்கும் அது லென்ஸ் குலினாரிஸ்தான். இரண்டு பக்கமும் புடைத்த கண்ணாடியைப் பார்த்தவர்களுக்குப் பருப்புதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது, பெயரை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். ஜெர்மனில் ‘லின்ஸே’ என்றால் இரண்டும். அரபியில் பருப்பு ‘அதஸ்’, லென்ஸ் ‘அதஸா’.

தோல் நீக்காத முழு மசூர் ஒன்றை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். நடுவில் புடைப்பு, ஓரத்துக்குப் போகப் போக மெலிந்து கூரான விளிம்பு. உடைத்த மசூர் என்றால் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு, பிளஸ் டூவில் படித்த தட்டக்குவி லென்ஸேதான்.

‘லென்டிகுலர்’ என்று பயமுறுத்துகிற சொல்லும் இதே சமையலறையிலிருந்து வந்ததுதான். லத்தீனில் ‘லென்டிகுலா’ என்றால் குட்டிப் பருப்பு, அவ்வளவுதான். மலை உச்சிக்கு மேல் பறக்கும் தட்டு மாதிரி ஒரு மேகம் அசையாமல் நிற்குமே, காற்று அதற்குள் புகுந்து ஓடிக்கொண்டே இருந்தாலும் மேகம் மட்டும் இடத்தை விட்டு நகராது, அதற்கு இந்தப் பெயர். சுருள் கைகள் இல்லாத ஒருவகை விண்மீன் மண்டலத்துக்கும் இதே பெயர். சின்ன வயதில் சாய்த்தால் படம் மாறும் ஸ்கேல் வைத்திருந்தோமே, அதுவும் லென்டிகுலர்தான். ஆனால் அதில் இருப்பது நீள நீளமான வரிகள், பருப்புச் சாயலே கிடையாது. குழிலென்ஸ் மட்டும் என்ன, நடுவில் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, அதையும் பருப்பு என்றுதான் கூப்பிடுகிறோம்!

இலங்கைப் பாடப்புத்தகங்களில் லென்ஸுக்கு ‘வில்லை’ என்றுதான் இருக்கும். இங்கே அதைச் சொன்னால், மாத்திரையா என்று நக்கலடிக்கிறார்கள். ஆமாம், மாத்திரை வில்லை, கற்பூர வில்லை, டவாலிச் சேவகன் மார்பில் தொங்கிய பித்தளை வில்லை, எல்லாம் அதே சொல்தான். அவர்கள் பருப்பிலிருந்து எடுத்தால் விஞ்ஞானம், நாம் கற்பூரத்திலிருந்து எடுத்தால் கேலியா? கண்ணாடிக் கடையில் நானும் லென்ஸ் என்றுதான் கேட்கிறேன், அது வேறு விஷயம். வடிவப் பொருத்தத்தில் மசூர் ஒரு படி மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், நம் வில்லை கொஞ்சம் தட்டை.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். கலங்கிப்போன லென்ஸை அல்ட்ராசவுண்டால் உடைத்துக் கூழாக்கி, உறிஞ்சி எடுத்துவிட்டு, புதுசு ஒன்றை வைப்பார்கள் என்று விளக்கினேன். “அப்போ பருப்பைக் கடைஞ்சு எடுத்திருக்காங்க” என்றாள். ‘பேக்கோஎமல்சிஃபிகேஷன்’ என்ற அந்த ஆபரேஷனின் முழுப்பெயரை இதைவிடச் சரியாக யாரும் மொழிபெயர்க்க முடியாது. எதால கடைஞ்சாங்க என்று அடுத்த கேள்வி. 1960களில் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன் என்ற கண் டாக்டர், பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பல் சுத்தம் செய்கிற அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து... என்று ஆரம்பித்தேன்.

“மத்து இல்லையா” என்று கறுப்புக் கண்ணாடியோடு திரும்பிப் படுத்துக்கொண்டாள்.