சிவப்பை விடச் சொன்னவர்களுக்கு

எங்கள் பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தைப் பற்றி நேற்று நான் போட்ட நாலு வரிக்கு இத்தனை பேர் கோபப்படுவீர்கள் என்று நினைக்கவில்லை. கூட்டத்தில் பிள்ளைகளின் மதிப்பெண்ணை நிறம் பிரித்து ஒரு தாளில் காட்டினார்கள்: தேறியவர்கள் பச்சை, தேர்ச்சியை ஒட்டி நிற்பவர்கள் மஞ்சள், ரொம்பக் கீழே இருப்பவர்கள் சிவப்பு. அங்கே என்ன நடந்தது என்பது இங்கே பலருக்கும் தெரியும். அதனால்தான் உள்பெட்டிக்கு வந்து, "இதையெல்லாம் ஏன் டீச்சர் வெளியில பேசறீங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே பேசினேன், யாரும் காது கொடுக்கவில்லை. அதனால் வெளியில் பேசுகிறேன்.

முதலில் ஒன்று. நான் அந்தத் தாளை எதிர்க்கவில்லை. மதிப்பெண்ணைக் கணக்கெடுப்பதையும் எதிர்க்கவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன், எண்ணோடு எனக்கென்ன சண்டை? நான் எதிர்த்தது ஒரே ஒரு வாக்கியத்தை. "மஞ்சளைப் பிடிங்க, சிவப்பை விடுங்க."

தேர்ச்சிக்கு நாலைந்து மதிப்பெண் குறைவாக நிற்பவர்கள் மஞ்சள். அவர்களைத் தூக்கிவிட்டால் தேர்ச்சி விகிதம் ஏறும். சிவப்பில் இருப்பவர்களைப் பரீட்சைக்கு மீதியிருக்கும் எட்டு வாரத்தில் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் விட்டுவிடலாம். இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை, என்னைவிட அதிக நேரம் பள்ளியில் இருப்பவர். அவர் சொன்னதும் அறையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதுதான் எனக்கு வலித்தது.

என் வகுப்பில் சிவப்பு ஏழு பேர். அதில் ஐந்து பேருக்கு வீட்டில் பேசும் மொழி வேறு, வகுப்பில் பாடம் நடக்கும் மொழி வேறு. இதே பிள்ளைகளைத்தான் ஆண்டு விழா மேடையில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் அவரவர் மொழியில் வணக்கம் சொல்ல வைத்துக் கைதட்டினோம். எங்கள் பள்ளியில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். மேடைக்கு வேண்டியவர்கள் தாளுக்கு வேண்டாதவர்களா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வகுப்பில் 40 பேர், தேர்ச்சி மதிப்பெண் 35. மஞ்சளில் 8 பேர், ஆளுக்கு 32. தனி வகுப்பு வைத்து அவர்களை 36-க்குக் கொண்டு வந்தாயிற்று. சிவப்பில் 6 பேர், ஆளுக்கு 18. யாரும் கண்டுகொள்ளாததால் அவர்கள் 11-க்கு இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் அப்படியே இருக்கிறார்கள். தேர்ச்சி விகிதம் 20 புள்ளி ஏறிவிட்டது! ஆனால் மஞ்சளில் கூடியது 32 மதிப்பெண், சிவப்பில் குறைந்தது 42. வகுப்பின் மொத்த மதிப்பெண்ணில் 10 குறைந்திருக்கிறது. வகுப்பு கீழே போயிருக்கிறது, நாம் மாலை போட்டுக்கொள்கிறோம்.

இது என் கற்பனைப் பயம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை சார். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலப் பள்ளி ஒன்றில் இதே வேலை நடந்ததை ஜெனிபர் பூஹர்-ஜென்னிங்ஸ் என்ற ஆய்வாளர் 2005-லேயே பதிவு செய்திருக்கிறார். தேறிவிடுவார்கள், தூக்கிவிட்டால் தேறுவார்கள், தேறவே மாட்டார்கள் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, நடுவில் இருப்பவர்களுக்கு மட்டும் நேரத்தைக் கொட்டினார்கள். போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பிரிப்பது போல. இங்கிலாந்திலும் இப்படித்தான். ஐந்து பாடத்தில் 'சி' கிரேடு அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்பதை வைத்தே பள்ளியை எடைபோட்ட காலத்தில், 'சி'க்கும் 'டி'க்கும் நடுவே நின்ற பிள்ளைகளுக்குத்தான் கவனிப்பெல்லாம். அப்புறம் 2016-ல் அளவுகோலையே மாற்றினார்கள். உள்ளே வரும்போது எங்கே இருந்தான், வெளியே போகும்போது எவ்வளவு நகர்ந்திருக்கிறான் என்று பார்க்கிற அளவுகோல் வந்தது. அதிலும் குறை உண்டு. ஆனால் அதில் கடைசிப் பிள்ளை நகர்ந்தாலும் கணக்கில் வரும்.

நான் கேட்பதும் அவ்வளவுதான். கடைசிப் பிள்ளை நகர்ந்தால் அது கணக்கில் வர வேண்டும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஏழு பேரில் ஒருவன். வகுப்பில் வாய் திறக்க மாட்டான். கணக்குப் பரீட்சையில் 17. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு அவன் விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதிப்பெண்ணைப் பார்க்காமல் தப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். சமன்பாடுகள் எல்லாம் சரி. வாக்கியத்தில் வரும் கணக்குகள் மூன்றும் தப்பு. மூன்றிலும் ஒரே இடத்தில் தப்பு. 'குறைந்தபட்சம்' என்று கேள்வியில் வருகிற ஒவ்வொரு இடத்திலும் அவன் சமக்குறி போட்டிருந்தான். அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் லேசாக ஒரு கோடும் இழுத்திருந்தான். யாராவது கேட்பார்கள் என்று இழுத்தானோ என்னவோ. திருத்தியவள் நான்தான், நானும் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை.

மேஜை மேல் கையை வைத்து, "இதுக்குக் கீழ போகக் கூடாது, மேல எவ்வளவு வேணும்னாலும் போகலாம்" என்றேன். என் கையையே பார்த்தான். "அவ்ளோதானா மிஸ்?" என்றான். மூன்றையும் அங்கேயே போட்டுக் காட்டினான்.

அடுத்த டெஸ்டில் 29. பன்னிரண்டு மதிப்பெண் ஏற்றம். வகுப்பிலேயே அதிகமாக ஏறியவன் அவன்தான். நேற்றுக் காட்டிய தாளில் அவன் என்ன நிறம் தெரியுமா? சிவப்பு. 33-லிருந்து 35-க்கு வந்த பிள்ளை மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியதற்குக் கைதட்டினோம். தட்டட்டும், அந்தப் பிள்ளையும் உழைத்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டு ஏறியவனை விடச் சொன்னார்கள். எப்படி விடுவேன்?

மொழி விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அவன் வெளியில நல்லாப் பேசறானே, அப்புறம் மொழி எங்க பிரச்சினை?" என்று கேட்டீர்கள். கனடாவைச் சேர்ந்த மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970-களின் கடைசியிலிருந்தே இதை எழுதி வருகிறார். புது மொழியில் விளையாடவும் சண்டை போடவும் ஒன்றிரண்டு வருஷம் போதும். அந்த மொழியில் பாடம் படித்து, உடன் படிப்பவர்களுக்கு ஈடுகொடுக்க ஐந்திலிருந்து ஏழு வருஷம் ஆகலாம். இவன் வந்து மூன்று வருஷம். மைதானத்தில் அவன் சத்தம்தான் பெரிசாகக் கேட்கும். கேள்வித்தாளில் 'குறைந்தபட்சம்' அவனைக் கவிழ்த்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"நேரம் எங்கே இருக்கு டீச்சர்?" நியாயமான கேள்வி, இதை நான் தட்டிக்கழிக்கவில்லை. நாற்பது பேர், எட்டு வாரம், ஒரு ஆள். எனக்கும் வீடு இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது. ஆனால் மஞ்சளுக்கு வாரம் மூன்று பாடவேளை ஒதுக்க முடிந்ததல்லவா? அதில் ஒன்றைக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். பெரிய ஊர்களிலேயே செய்திருக்கிறார்கள். சிகாகோவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி 2005-ல் வந்த ஆய்வு, அந்த ஒரு வருஷத்தில் பாடங்களில் தவறாமல் தேறி வருகிறவர்கள், தடுமாறுகிறவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாகப் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள் என்று காட்டியது. 2007-ல் வந்த அடுத்த ஆய்வில், எட்டாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணைவிட, வகுப்புக்கு வருகிறானா என்பதுதான் அதிகம் சொல்லியது. அதன் பிறகு அங்கே பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து, பெயர் பெயராகப் பேச ஆரம்பித்தார்கள். யார் இந்த வாரம் மூன்று நாள் வரவில்லை, யார் திடீரென்று சரிகிறாள், யார் போய்ப் பேசுவது என்று. ஒன்பதாம் வகுப்பில் பாடங்களில் தவறாமல் தேறி வருகிறவர்கள் 2007-ல் 57 சதவீதமாக இருந்தார்கள், 2013-ல் அது 82 ஆனது. அவர்களிடமும் தாள் இருந்தது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, யார் போய் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்காருவது என்பதை முடிவு செய்தார்கள். நாம் யார் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் சிவப்புப் பிள்ளைகளின் வருகைப் பதிவை நேற்று யாராவது எடுத்துப் பார்த்தோமா? நான் ராத்திரி பார்த்தேன். ஏழில் நாலு பேர் திங்கட்கிழமைகளில் வருவதே இல்லை. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. இவ்வளவு நாள் கேட்காதது என் தப்பு.

"பெற்றோரே கவலைப்படல, நாம எதுக்கு?" பெற்றோருக்கு அனுப்பிய கடிதம் அவர்களால் படிக்க முடியாத மொழியில் போயிருக்கிறது. கூட்டத்தை வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தோம். அன்றைய கூலியை விட்டுவிட்டு வரவில்லை என்பதற்காக அவர்களுக்குக் கவலை இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

"விகிதம் இறங்கினா பள்ளிக்குத்தான் கெட்ட பெயர்." இறங்கட்டும்.

"நீங்க எப்பவுமே எதிர்மறையாப் பேசறீங்க." இதற்குத்தான் நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாற்பது பேர் இருக்கிற அறையில் நான் கேட்டது ஒரே கேள்வி, சராசரி ஏறியபோது யார் ஏறவில்லை என்று. சராசரி யாரையும் மறைத்துவிடும். இதைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் 2002-ல் சட்டமாகவே போட்டார்கள், பள்ளியின் மொத்த எண்ணைக் காட்டினால் போதாது, ஏழைப் பிள்ளைகள், மொழி தெரியாமல் வந்த பிள்ளைகள், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் என்று பிரித்துக் காட்டு என்று. அந்தச் சட்டம் வேறு பல கெடுதல் செய்தது. தேர்ச்சி மதிப்பெண் என்ற ஒரே கோட்டுக்கு முக்கியத்துவம் கொடுத்து இந்த மஞ்சள் வேட்டைக்கு அதுவும் எண்ணெய் ஊற்றியது. ஆனால் பிரித்துப் பார் என்று சொன்னது சரி. நானும் பிரித்துப் பார்க்கத்தான் சொன்னேன். அது எதிர்மறையா?

நான் சிவப்பில் இருந்தவள். அன்று நிறம் எல்லாம் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண்ணைக் கீழிருந்து மேலாக வாசிப்பார்கள், என் பெயர் முதல் மூன்றுக்குள் வந்துவிடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கேள்வி கேட்டுக்கொண்டே வருகிற டீச்சர் எங்கள் பெஞ்சுக்கு வந்ததும் கண்ணைத் தூக்கி அடுத்த வரிசைக்குப் போவார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை. தாண்டிப் போனதைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அடுத்த வருஷம் வந்தவர், என் பழைய விடைத்தாள்களை எல்லாம் எடுத்து வரச் சொன்னார். மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஆறு தாள். ஆறிலும் கழித்தல் குறியில்தான் விழுந்திருந்தேன். "உனக்குக் கணக்கு வராமல் இல்லை, இந்த ஒரு குறிதான் வரவில்லை" என்றார். அவர் அன்று என்னை விட்டிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், என்னால் விட முடியாது. விடச் சொல்லி நாளைக்கு எழுத்தில் கொடுத்தாலும் முடியாது.

நாளை மதியம் மூன்று மணிக்கு மறுபடி கூட்டம். ஏழு பேரின் விடைத்தாள்களையும் கொண்டு போகிறேன். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அந்தப் பையன் கோடு இழுத்த தாள்தான் மேலே இருக்கும்.