பேஸ்மேக்கர் வயரை எடுத்தால் இதயம் கிழியுமா?

பேஸ்மேக்கர் என்பது இதயத் துடிப்பைச் சீராக்கத் தோலுக்கடியில் வைக்கும் கருவி; அதிலிருந்து சிரை வழியாக இதயத்துக்குள் செல்வதுதான் வயர். "பேஸ்மேக்கரின் பழைய வயரை எடுத்தால் இதயம் கிழியும், சீழ் வந்தாலும் மாத்திரை போதும்" என்று தருமபுரி, கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு.

ஓராண்டு கடந்த வயரில் தழும்பு ஒட்டியிருக்கும். அதனால் யாரும் வெறுமனே பிடித்து இழுப்பதில்லை. வயருக்குள்ளே அதை இறுகப் பிடிக்கும் பூட்டுக்கம்பியைச் செலுத்தி, வயரின் வெளியே லேசர் குழாயையோ சுழலும் வெட்டுக்குழாயையோ நகர்த்தி, தழும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார்கள். உடலின் மேற்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையோ, இதயச் சுவரோ கிழிவதுதான் உண்மையான ஆபத்து. அனுபவமுள்ள மையங்களில் பெரிய சிக்கல் 100 பேரில் சுமார் 1 முதல் 2 பேருக்கே. அதற்காகத்தான் இதய அறுவை மருத்துவரும் தயாராக நிற்பார்.

கருவி இருக்கும் இடத்தில் சீழோ, தோல் அரித்துக் கருவி தெரிவதோ இருந்தால் மாத்திரை போதாது. கிருமி வயர்மேல் படலமாகப் படிந்திருக்கும். கருவி, வயர் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறது இதயத் துடிப்பு மருத்துவர்கள் அமைப்பான ஹார்ட் ரிதம் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல், இணையத்திலேயே பார்க்கலாம். தொற்றில்லாத பழைய வயர் வேறு கதை, சிலருக்கு அப்படியே விட்டுவைப்பதுண்டு.

அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.