காற்று இறங்கினால் பேருந்து நிற்காதா?

ஏர் பிரேக் பேருந்தில் காற்று முழுவதும் கசிந்துவிட்டால், ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதை நிறுத்த எதுவுமே இருக்காது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். காற்றழுத்தத்தால் இயங்கும் கால் பிரேக்கைப் பொறுத்தவரை அவருடைய அச்சம் நியாயமானதே. ஆனால் பின் சக்கரங்களில் ஸ்பிரிங் பிரேக் பொருத்திய வண்டிகளில், கனத்த சுருள்வில்லை அழுத்திப் பிடித்துப் பிரேக்கை விடுவித்து வைத்திருப்பதே காற்றுதான் என்பதால், அழுத்தம் மிகவும் குறைந்ததும் வில் விரிந்து பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது. சேலம் பேருந்து நிலையத்தில் ஓட்டுநர் கைப்பிரேக் போடும்போது எழும் ‘புஸ்’ ஓசையைக் கவனியுங்கள். அது காற்று வெளியேறும் ஓசை, உள்ளே போகும் ஓசை அன்று. இரவெல்லாம் நின்று காற்று இறங்கிய வண்டியை, காற்றழுத்த மானியின் முள் ஏறும்வரை நகர்த்தாமல் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பதையும் விடியற்காலையில் காணலாம்.