காப்பீட்டு அட்டை குறித்து ஒரு திருத்தம்

"மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பிரசவமும் காய்ச்சல் மாத்திரையும்தான், விபத்தென்றால் காப்பீட்டு அட்டை இல்லாமல் தொடமாட்டார்கள்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைந்த எவருக்கும், அவர் வெளிமாநிலத்தவராகவோ அட்டை இல்லாதவராகவோ இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். பிரசவத்தை ஒற்றைச் சொல்லில் கடந்துவிட்டதும் நியாயமில்லை: அங்குள்ள சீமாங்க் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை) மையத்தில் இரவு இரண்டு மணிக்கும் சிசேரியன் நடக்கும், எடை குறைந்து பிறந்த குழந்தையை வெப்பமூட்டியும் ஆக்சிஜனும் உள்ள பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்துப் பார்க்கிறார்கள். டயாலிசிஸும் சித்த மருத்துவமும் அதே வளாகத்தில் உண்டு. புறநோயாளிகள் வரிசை நீளம் என்பதை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை.