தேரை தன் சட்டையைத் தின்னும்

'தவளையும் பாம்பைப் போலவே தோலுரிக்கும்' என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் 'போலவே'தான் எனக்கு இடிக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பூச்சாடிகளுக்கு இடையே ஒரு தேரை குடியிருக்கிறது. மழை ஓய்ந்த ஓர் இரவு அது முதுகை வளைத்து, வாயைத் திறந்து திறந்து மூடி, முன்கால்களால் எதையோ உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. நோய் கண்டுவிட்டதோ என்று பயந்தேன். பார்த்தால், தன் சட்டையையே, அதாவது உரிந்த தோலையே, தின்றுகொண்டிருக்கிறது! பாம்புச் சட்டை வேலியில் கிடக்கும்; தேரைச் சட்டை கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்.

உரிவது மேலே உள்ள மெல்லிய கெரட்டின் (நம் நகத்திலும் முடியிலும் உள்ள புரதம்) அடுக்கு மட்டுமே. அடியில் புதியது தயாரான பிறகே பழையது கழலும். தேரை தோலாலும் மூச்சு விடுகிறது. தண்ணீரை வாயால் குடிக்காமல் அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. அதனால் இது வெறும் உடை மாற்றமல்ல. கரும்புத் தேரை என்ற தேரை இனத்தை ஆராய்ந்தவர்கள், உரியும் வேளையில் தோல் வழியே சோடியம் கூடுதலாகக் கசிவதையும், அதை ஈடுகட்டத் தோல் சோடியத்தை உள்ளே இழுப்பதும் கூடுவதையும் கண்டிருக்கிறார்கள். தோலில் ஒட்டியிருக்கும் கிருமிகளும் சட்டையோடு குறைகின்றன.

என் மனைவியோ உப்புத் தூவித் தேரையை விரட்டச் சொல்கிறாள். இப்போதைக்கு உப்புப் போத்தலை ஒளித்து வைத்திருக்கிறேன்.